34.6 என்று விடை வந்தால் எத்தனை பாக்கெட் வாங்குவது?

உங்கள் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள், தசம எண்களைப் பெருக்கவும் வகுக்கவும் அவளுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் அதே எண்கள் வாக்கியக் கணக்குக்குள் வந்துவிட்டால் தடுமாறுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு கணக்குகளையும் தந்திருக்கிறீர்கள். வளைகாப்பு வீட்டில் பாயசத்துக்கு 17.3 லிட்டர் பால் வேண்டும், அரை லிட்டர் பாக்கெட்டுகள் எத்தனை வாங்க வேண்டும் என்பது முதல் கணக்கு. அவள் 34.6 என்று எழுதினாள், ஆசிரியர் தவறு என்று போட்டுவிட்டார். அடுத்தது, 10 மீட்டர் துணியில் ரவிக்கை ஒன்றுக்கு 0.8 மீட்டர் வீதம் எத்தனை ரவிக்கை தைக்கலாம் என்பது. 12.5 வந்தது. முதல் கணக்கில் பட்ட அடி நினைவில் இருந்ததால் முழுமையாக்கி 13 என்று எழுதினாள். அதற்கும் தவறு என்றே வந்தது. "எப்போது மேலே முழுமையாக்குவது, எப்போது கீழே, எங்கே ≤ போடுவது, எங்கே < போடுவது? ஒரு விதி இருந்தால் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறீர்கள். முழுமையாக்குதலையும் அசமன்பாட்டையும் இரண்டு தனிக் கேள்விகளாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத் தெரிகின்றன. வகுத்து முடித்த பிறகும் கணக்கு ஏன் முடியவில்லை என்பதே அந்தக் கேள்வி.

வடசென்னையில் தமிழ் வழியில் ஆறு முதல் பத்து வரையிலான வகுப்புகளுக்கு 31 ஆண்டுகள் கணிதம் நடத்தினேன். ஓய்வுக்குப் பிறகு பெரம்பூரில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மாலையில் வந்து உட்காருகிறார்கள். ஆகவே இந்தப் பதிலில் இரண்டு வகையான பேச்சு இருக்கும். கணிதம் பற்றி நான் சொல்வதை நீங்களே போட்டுப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளின் மனம் எங்கே சறுக்குகிறது என்று சொல்வது என் வகுப்பறையில் கண்டது. அதை ஒரு மூத்தவரின் அனுபவம் என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், விதி கேட்பவர்களுக்கு நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் சில ஆண்டுகள் சொற்பட்டியல் ஒன்றை எழுதிப் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தேன். 'மொத்தம்' என்றால் கூட்டு, 'மீதி' என்றால் கழி, 'வீதம்' என்றால் பெருக்கு, 'அதிகம்' என்றால் கூட்டு. பரீட்சையில் ஓரளவு மதிப்பெண் வந்ததால் அது சரியென்றே நம்பினேன். ஒருநாள், "ராணியிடம் 12 மீட்டர் கயிறு இருக்கிறது. இது குமாரிடம் இருப்பதைவிட 3.5 மீட்டர் அதிகம். குமாரிடம் எவ்வளவு?" என்று கேட்டேன். வகுப்பில் பெரும்பாலோர் 15.5 என்றார்கள். 'அதிகம்' என்ற சொல் கண்ணில் பட்டதும் வாக்கியத்தை வாசிப்பதையே நிறுத்திவிட்டார்கள். யாரிடம் அதிகம் என்று பார்க்கவில்லை. அவர்களுக்கு வாசிக்காமல் இருக்கக் கற்றுக்கொடுத்தவன் நான் என்பது அன்று உறைத்தது. உங்கள் மகளுக்கு இன்னொரு பட்டியலைத் தர நான் தயங்குவது அதனால்தான்.

பட்டியலுக்குப் பதிலாக அவளிடம் ஒரு பழக்கத்தைக் கொடுங்கள். விடை தசமத்தில் வந்ததும், அதற்கு இரண்டு பக்கமும் இருக்கும் முழு எண்களை எடுத்து, ஒவ்வொன்றையும் கணக்குக்குள் கொண்டுபோய் வைத்துப் பார்க்க வேண்டும். 34.6 வந்ததா? 34 பாக்கெட் வாங்கினால் 17 லிட்டர் பால் வரும். தேவை 17.3. பாயசத்துக்கு 300 மில்லி குறைகிறது. 35 வாங்கினால் 17.5 லிட்டர், 200 மில்லி மிஞ்சும், காப்பிக்கு ஆகும். ஆகவே 35. துணிக் கணக்கில் 12 ரவிக்கைக்கு 9.6 மீட்டர் போகும், 0.4 மீட்டர் துண்டு மிஞ்சும். 13 ரவிக்கைக்கு 10.4 மீட்டர் வேண்டும், கையில் இருப்பதோ 10. தையற்காரர் எங்கிருந்து 40 சென்டிமீட்டர் கொண்டுவருவார்? ஆகவே 12. இரண்டாவது கணக்கில் 12.5 என்பது சரியாக நடுவில் நிற்கிறது. பாடப்புத்தக முறையில் அது 13 ஆகும். ஆனால் துணிக்குப் பாடப்புத்தக முறை தெரியாது.

இப்போது இந்த இரண்டையும் குறியில் எழுதிப் பாருங்கள். பாக்கெட்டின் எண்ணிக்கை ப என்றால் பால் கணக்கு 0.5ப ≥ 17.3. இதை நிறைவு செய்யும் மிகச் சிறிய முழு எண் நமக்கு வேண்டும். ரவிக்கையின் எண்ணிக்கை ர என்றால் 0.8ர ≤ 10. இதில் வேண்டியது மிகப் பெரிய முழு எண். மேலே போவதா கீழே வருவதா என்று அவள் திணறிய இடத்தில் இருந்தது ≥ என்பதா ≤ என்பதா என்ற கேள்விதான். தேவையை எட்ட வேண்டிய கணக்கில் மேலே போகிறோம். இருப்புக்குள் அடங்க வேண்டிய கணக்கில் கீழே வருகிறோம். பாடப்புத்தகத்தில் முழுமையாக்குதல் ஓர் அலகிலும் அசமன்பாடு வேறோர் அலகிலும் வருவதால், இரண்டும் உடன்பிறந்தவை என்பதைப் பிள்ளைகள் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கும் இதைப் பார்க்கப் பல ஆண்டுகள் ஆயின.

உங்கள் மகள் மட்டும் இப்படிச் செய்வதாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 13 வயது மாணவர்களுக்குத் தேசிய அளவில் நடத்திய கணிதத் தேர்வில் ஒரு கணக்கு கேட்டார்கள். அதன் முடிவுகள் 1983 இல் வெளிவந்தன. படைவீரர் 1128 பேர், ஒரு பஸ்ஸில் 36 பேர் ஏறலாம், எத்தனை பஸ் வேண்டும்? வகுத்தால் 31 வரும், மீதி 12. ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் சரியாக வகுத்துவிட்டார்கள். ஆனால் 32 என்று எழுதியவர்கள் கால் பங்குக்கும் குறைவு. '31 மீதி 12' என்று எழுதி முடித்தவர்கள் அவர்களைவிட அதிகம். அந்தப் பன்னிரண்டு பேரைச் சாலையோரத்தில் நிற்க வைத்துவிட்டோம் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. நம் பிள்ளைகளுக்கும் அதுதான் தோன்றுவதில்லை. வகுத்தல் தெரியாத குறையாக இதை எண்ணி மேலும் நூறு வகுத்தல் கணக்குகளைக் கொடுத்தால், ஏற்கெனவே நன்றாகத் தெரிந்ததையே அவள் இன்னும் நன்றாகச் செய்வாள்.

மூன்றாவது வகையும் உண்டு. மேலே போனாலும் கீழே வந்தாலும் எதுவும் உடையாத இடங்கள். ஒரு பெட்டியின் நீளத்தை 23.4 சென்டிமீட்டர் என்று அளந்து, அதைத் தோராயமாக 23 என்கிறோம். யாருக்கும் நட்டமில்லை. கடை ரசீதில் பைசாவை விட்டு ரூபாயில் எழுதுகிறோம். இங்கேதான் 'அருகிலுள்ள எண்ணுக்கு' என்ற பாடப்புத்தக முறை பொருந்தும். வெட்டும் இடத்துக்கு அடுத்த இலக்கம் 5 முதல் 9 வரை என்றால் முந்தைய இலக்கத்தில் ஒன்றைக் கூட்டு, 4 வரை என்றால் விட்டுவிடு. மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், 2017 இன் 170 ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. வரித்தொகையில் 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாயாக்க வேண்டும், குறைவாக இருந்தால் விட்டுவிட வேண்டும்.

ஆனால் சரியாகப் பாதியில் நிற்கும் எண்ணை மேலே தள்ளுவது ஓர் உடன்பாடுதான், இயற்கை விதி கிடையாது. 2.5 என்பது 2க்கும் 3க்கும் ஒரே தொலைவில் இருக்கிறது. ஆய்வகங்களும் தொழிற்சாலைகளும் பின்பற்றும் இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2 என்று ஒன்று இருக்கிறது. அதன்படி சரியாகப் பாதியில் நின்றால் இரட்டை எண்ணின் பக்கம் போக வேண்டும். அந்த முறையில் 2.5 என்பது 2 ஆகும், 3.5 என்பது 4 ஆகும். எப்போதும் மேலேயே தள்ளினால் ஆயிரக்கணக்கான அளவுகளைக் கூட்டும்போது மொத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும். அதைத் தடுக்க இந்த ஏற்பாடு. உங்கள் மகள் பரீட்சையில் பாடப்புத்தக முறையையே எழுதட்டும். பின்னாளில் வேறு முறையைக் கண்டால் அவள் திகைக்கக் கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

எப்போது முழுமையாக்குவது என்பது இன்னொரு சறுக்கல். கடைசியில் ஒரே ஒருமுறை, அதுவும் முதலில் இருந்த எண்ணிலிருந்து நேராக. 2.447 ஐ ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கச் சொன்னால் பல பிள்ளைகள் 2.45 என்று எழுதி, பிறகு அதை 2.5 ஆக்குவார்கள். சரியான விடை 2.4. இரண்டு படியாக ஏறியதால் இல்லாத உயரத்துக்குப் போய்விட்டார்கள். பங்கு பிரிக்கும் கணக்கிலும் இதைக் காட்டலாம். ஏழு பேர் சேர்ந்து 1000 ரூபாய் செலவைப் பகிர்ந்தால் தலைக்கு 142.857... வருகிறது. ஆளுக்கு 143 வசூலித்தால் 1001 வரும், கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு ஒரு ரூபாய் மிஞ்சும். ஆளுக்கு 142 வசூலித்தால் 994 தான் வரும், ஆறு ரூபாய் யாராவது கைக்காசு போட வேண்டும். வீட்டில் ஏழு பேரைச் சேர்த்து ஒருமுறை இதைச் செய்து காட்டினால் போதும், தனியாக விளக்கம் தேவைப்படாது.

இனி ≤, < பற்றி. இதில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. நான் கண்டதில் மிக அதிகமான தவறுகள் இங்கேதான் நடந்தன. "தேர்ச்சி பெறக் குறைந்தது 35 மதிப்பெண் வேண்டும்" என்று எழுதியிருந்தால், பிள்ளை 'குறைந்தது' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ம < 35 என்று எழுதிவிடும். "பையில் அதிகபட்சம் 7 கிலோ கொண்டு போகலாம்" என்றால் 'அதிக' என்பதைப் பார்த்து எ > 7 என்று எழுதும். உண்மையில் முதலாவது ம ≥ 35, இரண்டாவது எ ≤ 7. சொல் ஒரு பக்கம் இழுக்க, பொருள் மறு பக்கம் நிற்கிறது. 'மிகாமல்', 'குறையாமல்' என்பவை இன்னும் கடினம், எதிர்மறை உள்ளேயே ஒளிந்திருக்கிறது. 50க்கு மிகாமல் என்றால் ≤ 50. 50க்குக் குறையாமல் என்றால் ≥ 50. இவற்றுக்கும் நான் பட்டியல் போடச் சொல்ல மாட்டேன். எல்லை எண்ணையே கேள்வியாக்கிக் கேளுங்கள். "35 எடுத்தவள் தேர்ச்சியா?" ஆம். "34 எடுத்தவள்?" இல்லை. "36?" ஆம். இந்த மூன்று பதில்களும் வந்துவிட்டால் குறி தானாக வந்துவிடும். குறிக்குக் கீழே கோடு வேண்டுமா வேண்டாமா என்பதை முதல் கேள்வி சொல்லும், வாய் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதை மற்ற இரண்டும் சொல்லும்.

சில சொற்கள் உண்மையிலேயே தெளிவற்றவை. '10 வரை' என்றால் 10 சேரும் என்று உறுதியாகச் சொல்வேன். '10க்கு மேல்' என்றால் கணிதத்தில் 10 சேராது. பேச்சில் "நூறுக்கு மேல் வாங்கினால் தள்ளுபடி" என்று சொல்லும் கடைக்காரர் சரியாக நூறுக்கு வாங்கியவருக்கும் தருவார், தராமலும் போவார். '10க்குள்', '5 வயதுக்கு உட்பட்ட' என்பவற்றை ஆளுக்கொரு விதமாகப் படிக்கிறார்கள். கணக்கில் இப்படி வந்தால் அது பிள்ளையின் குற்றமாகாது, கேள்வி தெளிவாக இல்லை. அதே புத்தகத்தில் அந்தச் சொல்லை எப்படிக் கையாண்டிருக்கிறார்கள் என்று பார்த்து அதன்படி எழுதுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. விதிகளை எழுதுபவர்கள் கவனமாக எழுதும்போது இந்தச் சிக்கல் வராது. வாக்காளர் பட்டியலுக்கு '18 வயது நிறைந்தவர்' என்கிறார்கள். ரயிலில் தனிப் படுக்கையோ இருக்கையோ கேட்காவிட்டால் 5 வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம், 5 நிறைந்து 12 நிறையாதவர்களுக்குக் குழந்தைக் கட்டணம் உண்டு. அதாவது 5 ≤ வ < 12. ஒரு பக்கம் கோடு இருக்கிறது, மறு பக்கம் இல்லை. 'நிறைந்த', 'நிறையாத' என்ற இரண்டு சொற்களும் அதைத் துல்லியமாகச் சொல்லிவிட்டன. வயதைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள்: "பன்னிரண்டு முடிந்து பதிமூன்று நடக்கிறது." 12.4 என்ற எண்ணைக் கீழேயும் மேலேயும் முழுமையாக்கி ஒரே மூச்சில் சொல்லும் வாக்கியம் அது. நான் வகுப்பில் இதைச் சொல்லித்தான் தொடங்குவேன்.

எல்லை எண் ஏன் முக்கியம் என்று காட்ட வீட்டு மின்கட்டணத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் வந்த கட்டண முறையை எடுத்துக்கொள்கிறேன். அதன் பிறகு விலைகள் மாறியிருக்கின்றன, ஆகவே எண்களை விட்டு முறையை மட்டும் கவனியுங்கள். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்கு மிகாவிட்டால் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு யூனிட் 2.25 ரூபாய், அடுத்த 200க்கு 4.50, அடுத்த 100க்கு 6. சரியாக 500 யூனிட் ஓடினால் 225 + 900 + 600, ஆக 1725 ரூபாய். பயன்பாடு 500ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 400 வரை எல்லாமே 4.50. 401 முதல் 500 வரை 6, அதற்கு மேல் 600 வரை 8. அப்படியானால் 501 யூனிட்டுக்கு 1350 + 600 + 8, ஆக 1958 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு 233 ரூபாய். ≤ 500க்கும் < 500க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைப் போட்டுக் காட்டினால் கோட்டின் விலை புரியும். உங்கள் வீட்டு மின்கட்டண அட்டையை எடுத்து இப்போதைய விலைகளில் இதே கணக்கை அவளையே போடச் சொல்லுங்கள். தசமப் பெருக்கல், கூட்டல், அசமன்பாடு மூன்றும் அதில் இருக்கின்றன. அவள் கண்முன்னே வந்து போகும் பணமும் இருக்கிறது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறீர்கள் என்றால் லிஃப்டுக்குள் இருக்கும் தகட்டைக் காட்டுங்கள். '8 நபர்கள், 544 கிலோ' என்று பல இடங்களில் பார்க்கலாம். 544ஐ 8ஆல் வகுத்தால் 68. ஓர் ஆளுக்கு 68 கிலோ என்று வைத்துப் போட்ட கணக்கு அது. ஏறுபவர்களின் சராசரி எடை 70.5 கிலோ என்றால் எத்தனை பேர் ஏறலாம்? 544 ÷ 70.5 ஏறத்தாழ 7.7. அருகிலுள்ள எண் 8 என்று எழுதும் பிள்ளையிடம், எட்டுப் பேரின் எடை 564 கிலோ ஆகிறதே, ஏறலாமா என்று கேளுங்கள். 7 என்று திருத்திக்கொள்ளும். மருந்து அளவு, பாரம், கையிருப்புப் பணம் என்று வரம்பு மீறினால் ஆபத்தாகும் இடங்களில் எல்லாம் 0.9 வந்தாலும் கீழேதான் வர வேண்டும்.

பிள்ளைகள் அஞ்சும் இன்னோர் இடம், குறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ அசமன்பாட்டுக் குறி திரும்பும் என்பது. அவளிடம் 500 ரூபாய் இருக்கிறது, பஸ் செலவுக்கு 120 ரூபாயாவது மிஞ்ச வேண்டும், நோட்டு ஒன்று 37.50 ரூபாய், எத்தனை நோட்டு வாங்கலாம்? 500 − 37.5ந ≥ 120. இதில் −37.5ந ≥ −380 என்று கொண்டுபோய், வகுக்கும்போது குறியைத் திருப்ப மறந்து, ந ≥ 10.13 என்று எழுதினால் எத்தனை நோட்டு வேண்டுமானாலும் வாங்கலாம் என்று ஆகிவிடும். திருப்பும் விதி உறுதியானது, அதை அவள் கற்கத்தான் வேண்டும். ஆனால் குறை எண் வராமலே எழுத வழி இருக்கிறது. செலவும் மிச்சமும் சேர்ந்து 500ஐத் தாண்டக் கூடாது என்று யோசித்தால் 37.5ந + 120 ≤ 500. இங்கே திருப்புவதற்கு ஒன்றும் இல்லை. ந ≤ 10.13..., ஆகவே 10 நோட்டு. பிறகு நம் பழைய சோதனை: 10 வாங்கினால் 375 போய் 125 மிஞ்சும், போதும். 11 வாங்கினால் 412.50 போய் 87.50 தான் மிஞ்சும், போதாது. குறியைத் தவறாகத் திருப்பியிருந்தாலும் இந்தச் சோதனை பிடித்துக் கொடுத்துவிடும்.

தசமம் பற்றித் தனியே ஒன்று சொல்ல வேண்டும். நம்மைச் சுற்றிப் புள்ளி வைத்து எழுதும் எல்லாமே தசமம் ஆகிவிடாது. சேப்பாக்கத்தில் ஆட்டம் பார்க்கும் பிள்ளைக்கு 18.4 ஓவர் என்றால் 18 ஓவரும் 4 பந்துகளும் என்று நன்றாகத் தெரியும். ஓவருக்கு ஆறு பந்து என்பதால் 18.6 என்று எழுத மாட்டார்கள், அது 19. அதே பிள்ளை, 18.4 ஓவரில் 140 ரன் எடுத்தால் ஓவருக்கு எத்தனை ரன் என்று கேட்டால் 140ஐ 18.4ஆல் வகுத்து 7.61 என்று எழுதும். 18.4 ஓவர் என்பது 112 பந்துகள். பந்துக்கு 1.25 ரன், ஓவருக்குச் சரியாக 7.5. உயரத்தை 5.10 அடி என்று எழுதுவதும் இப்படித்தான், அது 5 அடி 10 அங்குலம். தசமமாகப் படித்தால் 5.1 அடி ஆகி ஆளின் உயரம் 20 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்துவிடும். 2.30 மணி நேரம் வேலை செய்தவருக்கு மணிக்கு 120 ரூபாய் கூலி என்றால் 2.5 ஆல் பெருக்கி 300 ரூபாய் தர வேண்டும். 2.30 ஆல் பெருக்கி 276 கொடுத்தால் உழைத்தவரின் காசு 24 ரூபாய் போய்விடும். புள்ளிக்குப் பின்னால் இருப்பது எத்தனையில் ஒரு பங்கு என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தத் தவறுகள் குறையும்.

தசம எண்களின் அளவை உணர்வதற்கு நம்மிடம் பழைய சொற்கள் இருக்கின்றன. 0.125, 0.25 இரண்டில் எது பெரியது என்று கேட்டால், 125 பெரிய எண் என்பதால் முதலாவதைக் காட்டும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருந்தார்கள். 0.25ஐக் 'கால்' என்றும், 0.125ஐ அதில் பாதியான 'அரைக்கால்' என்றும் சொல்லிப் பார்த்தேன். பலர் உடனே திருத்திக்கொண்டார்கள். காய்கறிக் கடைத் தராசில் 1.050 என்று ஒளிர்வதையும் 1.500 என்று ஒளிர்வதையும் பார்த்து வாசிக்கச் சொல்லுங்கள். அங்கே மூன்று இலக்கங்களும் எழுதியிருப்பதால் 1.5 பெரியதா 1.05 பெரியதா என்ற குழப்பமே எழாது. பெருக்கும் முன்பு விடை எந்த இரண்டு எண்களுக்கு நடுவில் விழும் என்று சொல்ல வைப்பதும் உதவும். 3.75 கிலோ, கிலோ 48.60 ரூபாய் என்றால் 3 × 48க்கு மேல், 4 × 49க்குக் கீழ், அதாவது 144க்கும் 196க்கும் நடுவில். பிறகு புள்ளியை இடம் மாற்றி வைத்து 18.225 என்றோ 1822.5 என்றோ எழுதினால் அவளுக்கே உறுத்தும். சரியான விடை 182.25.

எத்தனை நாளில் அவளுக்குப் பழகும் என்று கேட்டால் என்னால் உறுதி சொல்ல முடியாது. சில பிள்ளைகள் இரண்டு வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள், சிலருக்கு ஓர் ஆண்டு முழுக்க ஆனது. படம் வரைந்து பார்ப்பது சிலருக்குப் பெரிதும் உதவியது, சிலருக்குப் படமே இன்னொரு சுமையானது. இரண்டையும் முயன்று பாருங்கள். நாளுக்கு இருபது கணக்குகளைவிட, ஒரே ஒரு கணக்கைப் போட்டு விடையை முழு வாக்கியமாக எழுதுவது நல்லது என்று நினைக்கிறேன். "34.6" என்று எழுதும் கை, "34.6 பாக்கெட் வாங்க வேண்டும்" என்று எழுதும்போது தயங்கும். அந்தத் தயக்கம்தான் நமக்கு வேண்டும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அவளுக்கு எண்களில் சிக்கல் இருப்பதாகத் தெரியவில்லை. எண்களை வரிசைப்படுத்துவது, கடிகாரம் பார்ப்பது, சில்லறை எண்ணுவது போன்றவற்றிலும் நீண்ட காலமாகத் தடுமாறுகிறாள் என்றால் அது வேறு விஷயம். அதில் எனக்குப் பயிற்சி இல்லை, கற்றல் குறைபாடுகளைப் பரிசோதிப்பவரிடம் காட்ட வேண்டும்.

பரீட்சையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். "இரண்டு தசம இடங்களுக்குத் திருத்தமாக" என்று கேட்டிருந்தால் கதைக்குள் போக வேண்டாம், சொன்னபடி எழுத வேண்டும். "எத்தனை பாக்கெட்", "எத்தனை பேர்", "எத்தனை முறை" என்று எண்ணக்கூடிய பொருளைக் கேட்டிருந்தால் முழு எண்தான் விடை. 34.6ஐ அழிக்காமல் விட்டுவிட்டு, அதன் கீழே "34 பாக்கெட்டில் 17 லிட்டர்தான் இருக்கும், போதாது, ஆகவே 35 பாக்கெட்டுகள்" என்று ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள். விடைத்தாள் திருத்திய ஆண்டுகளில் அப்படி ஒரு வரியைப் பார்த்தால் முழு மதிப்பெண் போட நான் யோசித்ததே இல்லை.